உங்கள் 18-ம் என் 18-ம் ஒன்றா? மன அழுத்தத்தை அளக்கும் கேள்விகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பத்துக் கேள்விகள், ஐந்து நிமிடம். கடைசியில் ஓர் எண் வரும். "உங்கள் மதிப்பெண் 18. உங்களுக்கு மிதமான மன அழுத்தம் உள்ளது" என்று திரை சொல்லும். அலுவலகத்தில் நிரப்பச் சொல்லும் படிவம், கைபேசிச் செயலி, வாட்ஸாப்பில் சுற்றும் இணைப்பு என்று ஏதோ ஒரு வடிவத்தில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதே எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் "ஆண்களைவிடப் பெண்களுக்கு மன அழுத்தம் அதிகம்", "அந்த நாட்டு ஊழியர்கள்தான் அதிக நெருக்கடியில் இருக்கிறார்கள்" என்றெல்லாம் செய்திகள் வருகின்றன.

இதைப் படிப்பவர்களில் ஒரு சாரார் அந்த எண்ணை ரத்தப் பரிசோதனை முடிவு போல எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார், "பத்துக் கேள்வி கேட்டு மனசை அளக்க முடியுமா, சும்மா கதை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இருவருமே ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். ஒரே கேள்வித்தாள் ஒரு வேலைக்கு நன்றாகவே பயன்படும், இன்னொரு வேலைக்குக் காலை வாரிவிடும். ஒரு குழுவுக்குள் யார் அதிகம், யார் குறைவு என்று பார்ப்பது ஒரு வேலை. இரண்டு குழுக்களை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவது வேறு வேலை. இரண்டாவதற்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைப் பற்றிச் செய்திகளில் யாரும் பேசுவதே இல்லை.

## முதலில், எதை அளக்கிறோம்?

உயரத்தை அளக்க நாடா போதும். உயரம் வெளியே தெரிகிறது. நாடா தவறு என்று சந்தேகம் வந்தால் இன்னொரு நாடாவை எடுத்துச் சரிபார்க்கலாம். மன அழுத்தத்துக்கு அப்படி வெளியே தெரியும் உருவம் இல்லை. அது இருப்பதற்கான அடையாளங்களைத்தான் கேட்டுப் பார்க்க முடியும். எந்த அடையாளத்தைக் கேட்பது என்பதிலேயே ஆய்வாளர்கள் வெவ்வேறு வழிகளில் போயிருக்கிறார்கள்.

1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. துணையை இழப்பதற்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50. கடந்த ஓராண்டில் உங்களுக்கு நடந்தவற்றைக் கூட்டினால் உங்கள் மதிப்பெண். ஆனால் ஒரே நிகழ்வு இரண்டு பேரை ஒரே அளவில் பாதிப்பதில்லையே! மணமுறிவு ஒருவருக்கு இடி, இன்னொருவருக்கு விடுதலை. பட்டியலுக்கு இரண்டும் 73-தான்.

1983-ல் ஷெல்டன் கோஹனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் வேறு வழியில் வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்காமல், நடந்ததை நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். "கடந்த ஒரு மாதத்தில், முக்கியமான விஷயங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எத்தனை முறை தோன்றியது?" என்பது போன்ற கேள்விகள். 'உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல்' என்று இதைச் சொல்லலாம். முதலில் 14 கேள்விகள் இருந்தன. பிறகு வந்த 10 கேள்வி வடிவம்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. மேலே சொன்ன "உங்கள் மதிப்பெண் 18" பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான்.

1995-ல் ஆஸ்திரேலியாவின் லவிபாண்ட் தந்தையும் மகனும் வெளியிட்ட 'டாஸ்' அளவுகோலிலும் 'மன அழுத்தம்' என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் அது கேட்பது வேறு. சட்டென்று எரிச்சல் வருகிறதா, மனதைத் தளர்த்தி உட்கார முடிகிறதா, சின்ன விஷயத்துக்கும் அதிகமாகப் பொங்குகிறீர்களா என்று கேட்கும். பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஒரு குழுவுக்கு இதையும் இன்னொரு குழுவுக்கு அதையும் கொடுத்து ஒப்பிட்டால், ஒருவரின் எடையையும் இன்னொருவரின் உயரத்தையும் ஒப்பிட்ட கதைதான்.

"எதற்கு இந்தக் கேள்வியெல்லாம், உடம்பில் கார்டிசால் ஹார்மோனை அளந்துவிடலாமே" என்று தோன்றலாம். கார்டிசால் காலையில் கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், இரவுக்குள் படிப்படியாக இறங்கும். எந்த நேரத்தில் எடுத்தோம், முந்தின இரவு எப்படித் தூங்கினார் என்பதெல்லாம் அதை மாற்றிவிடும். ஒருவர் சொல்லும் மன அழுத்தத்துக்கும் அவருடைய கார்டிசால் அளவுக்கும் உள்ள பொருத்தம் பொதுவாகப் பலவீனமாகவே இருக்கிறது. எனவே, கேள்வித்தாளைச் சரிபார்க்கும் உரைகல்லாக உடம்பை வைத்துக்கொள்ள முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: மன அழுத்தம் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. நிகழ்வு, உணர்வு, படபடப்பு என்று வெவ்வேறு கேள்வித்தாள்கள் வெவ்வேறு பக்கத்தைப் பிடிக்கின்றன. "எந்தக் கேள்வித்தாள்?" என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

## நம்பகத்தன்மை: தராசு ஆடுகிறதா?

எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறுகிறீர்கள், 62 காட்டுகிறது. இறங்கி உடனே மறுபடி ஏறினால் 67. மூன்றாம் முறை 59. அந்த எந்திரத்தை என்ன செய்வீர்கள்? தூக்கிப் போடுவீர்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப அளந்தால் ஏறத்தாழ ஒரே விடை வர வேண்டும். இந்தக் குணத்துக்குப் பெயர் நம்பகத்தன்மை.

கேள்வித்தாளில் இதைப் பார்க்க இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று, அதே ஆட்களிடம் சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பார்ப்பது. மன அழுத்தத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. இடையில் நிஜமாகவே நிலைமை மாறியிருக்கலாம். ரொம்ப நாள் விட்டால் மனிதர் மாறிவிடுகிறார், மறுநாளே கொடுத்தால் நேற்று என்ன எழுதினோம் என்று நினைவு வைத்து அதையே எழுதிவிடுகிறார்.

இன்னொரு வழி, ஒரே தாளிலுள்ள கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஒரு கேள்விக்கு அதிக மதிப்பெண் கொடுத்தவர் மற்றவற்றுக்கும் அதிகம் கொடுக்கிறாரா? இந்த ஒத்துழைப்பை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் குரோன்பாக் ஆல்ஃபா. லீ குரோன்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையால் பரவியது. வழக்கமாக 0-க்கும் 1-க்கும் இடையில் வரும். 0.7-க்கு மேல் இருந்தால் "பரவாயில்லை" என்பது ஆய்வுலகில் ஊறிப்போன ஒரு வழக்கம். வழக்கம்தான், இயற்கை விதி ஒன்றும் இல்லை.

ஆல்ஃபாவை வைத்துக்கொண்டு நடக்கும் கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. "உங்களுக்குப் பதற்றமாக இருந்ததா?", "பதற்றத்தை உணர்ந்தீர்களா?", "பதற்றப்பட்டீர்களா?" என்று ஒரே கேள்வியைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டால் ஆல்ஃபா வானத்தைத் தொடும். அளவுகோல் மட்டும் தேறியிருக்காது. மறுபக்கம், கேள்விகளைக் குறைத்தால் ஆல்ஃபா இறங்கும். கோஹன் குழுவின் 10 கேள்வி வடிவத்துக்கு 1988-ல் வந்த எண் 0.78. அதையே 4 கேள்வியாகச் சுருக்கியபோது 0.60.

சரி, 0.78 என்றால் நடைமுறையில் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் 1983-ல் 2,387 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், 10 கேள்வி வடிவத்தின் சராசரி 13 சொச்சம். ஆட்களுக்கிடையேயான பரவல், அதாவது திட்ட விலக்கம், 6.35. இந்தப் பரவலையும் 0.78-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு தனி மனிதரின் மதிப்பெண்ணில் சுமார் 3 அளவுக்கு ஆட்டம் இருக்கும் என்று வருகிறது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டால் ஆறு. திரையில் 18 என்று வந்தவரின் 'உண்மையான' இடம் 12-லிருந்து 24-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்! போன மாதம் 18, இந்த மாதம் 22 என்று யாராவது பதறினால், "இருங்கள், ஏறத்தாழ எட்டு மதிப்பெண் மாறினால்தான் நிஜமாகவே மாறியதாக உறுதியாகச் சொல்ல முடியும்" என்று ஆறுதல் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. நம்பகத்தன்மை கேள்வித்தாளில் அச்சடித்து வருவதில்லை. அதை யாரிடம் கொடுக்கிறோமோ அந்தக் குழுவையும் பொறுத்தது. ஏன் என்று பாருங்கள். மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டை இரண்டு பங்காகப் பிரிக்கலாம்: ஆட்களுக்கிடையே நிஜமாக உள்ள வேறுபாடு, அளவீட்டில் நேரும் ஆட்டம். மொத்தத்தில் நிஜ வேறுபாட்டின் பங்குதான் நம்பகத்தன்மை. எல்லா வயதும் எல்லா வேலையும் கலந்த கூட்டத்தில் நிஜ வேறுபாடு 30, ஆட்டம் 10 என்று வைத்தால், 40-ல் 30, அதாவது 0.75. அதே தாளைத் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். எல்லோருமே கலங்கிப்போய்த்தான் இருப்பார்கள். நிஜ வேறுபாடு 10-ஆகச் சுருங்கிவிடும், ஆட்டம் அதே 10. இப்போது 20-ல் 10, வெறும் 0.50. தாளில் ஓர் எழுத்து மாறவில்லை. "இது நம்பகமான அளவுகோல் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று யாராவது சொன்னால், "எந்தக் கூட்டத்தில்?" என்று கேளுங்கள்.

## ஆடாத தராசும் தப்பாக இருக்கலாம்

எப்போதும் இரண்டு கிலோ கூட்டியே காட்டும் எந்திரம் ஒன்று இருக்கிறது. நூறு தடவை ஏறினாலும் அதே எண். நம்பகத்தன்மைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். விடை மட்டும் தப்பு. அளப்பதாகச் சொல்வதைத்தான் நிஜமாகவே அளக்கிறதா என்ற கேள்விக்குப் பெயர் ஏற்புடைமை.

மன அழுத்தத் தாள் ஒன்று உள்ளபடி அளப்பது மனச்சோர்வையாக இருக்கலாம். அல்லது, எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவத்தையாக இருக்கலாம். இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, பிரித்தெடுப்பது சுலபமில்லை. அதை இங்கே நீட்ட வேண்டாம். இப்போதைக்கு நமக்கு அந்த 'இரண்டு கிலோ' போதும்.

ஒரு வீட்டில் எல்லோரும் அந்த ஒரே எந்திரத்தில் ஏறினால் பெரிய நஷ்டம் இல்லை. எல்லோருக்கும் இரண்டு கிலோ கூடும், யார் கனம் யார் லேசு என்ற வரிசை கெடாது. ஆனால் அந்த எந்திரம் ஒரு வீட்டிலும், சரியான எந்திரம் பக்கத்து வீட்டிலும் இருந்து, இரண்டு வீட்டுச் சராசரியையும் ஒப்பிட்டால்? முதல் வீட்டார் குண்டு என்று தீர்ப்பு வரும்.

அளக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் இது சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தற்செயலாக வரும் ஆட்டம் ஆட்கள் கூடக் கூடக் கரையும். ஒருவருக்கு மூன்று கூடினால் இன்னொருவருக்கு மூன்று குறையும், சராசரியில் சமன் ஆகிவிடும். தனி மனிதருக்கு ஆறு மதிப்பெண் ஆடும் அதே தாள், நானூறு பேரின் சராசரியில் ஒரு மதிப்பெண்கூட ஆடாது. ஆனால் ஒரு குழு முழுவதையும் ஒரே திசையில் தள்ளும் பிழை ஒரு கோடிப் பேரை அளந்தாலும் கரையாது. பெரிய கணக்கெடுப்பு என்பதாலேயே அந்தத் தவறு கூடுதல் கம்பீரத்தோடு மேடை ஏறும்.

சுருக்கமாக: நம்பகத்தன்மை என்பது ஆடாமல் அளப்பது. ஏற்புடைமை என்பது அளக்க வேண்டியதை அளப்பது. குழுக்களை ஒப்பிட இந்த இரண்டும் இருந்தும் போதாது. கோல் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

## ஒரே கேள்வி, இரண்டு தலைகள்

கோல் எப்படி மாறிப்போகும்? தாள் ஒன்றுதானே? இதைப் புரிந்துகொள்ள, கேள்வியைப் படிப்பதற்கும் வட்டமிடுவதற்கும் இடையிலுள்ள சில நொடிகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

"கடந்த ஒரு மாதத்தில், செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் சமாளிக்க முடியவில்லை என்று எத்தனை முறை உணர்ந்தீர்கள்?" விடைகள்: ஒருபோதும் இல்லை, அநேகமாக இல்லை, சில சமயம், ஓரளவு அடிக்கடி, மிக அடிக்கடி.

இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் படிக்கிறார். 'வேலைகள்' என்றதும் அவருக்கு அலுவலகம் ஞாபகம் வருகிறது. போன வாரம் தவறவிட்ட ஒரு கெடு நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தின மூன்று வாரங்கள் நினைவிலேயே இல்லை. அதே வேலையிலுள்ள நண்பர்களோடு தன்னை ஒப்பிடுகிறார். அவர்கள் நன்றாகச் செய்வதாகத் தோன்றுகிறது. "ஓரளவு அடிக்கடி", மூன்று மதிப்பெண்.

படுக்கையில் கிடக்கும் தாயைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி அதே கேள்வியைப் படிக்கிறார். மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது எல்லாம் அவருக்கு 'வேலை' என்ற கணக்கிலேயே வரவில்லை, அது வாழ்க்கை. சமாளிக்க முடியவில்லையா? சமாளித்துத்தானே இருக்கிறார், வேறு வழி? முடியவில்லை என்று எழுதினால் தாயைப் பாரமாக நினைப்பதாக ஆகிவிடுமோ என்ற உறுத்தல் வேறு. "சில சமயம்", இரண்டு மதிப்பெண்.

இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவில் தேடுவது, எடைபோடுவது, விடைக் கட்டங்களில் ஒன்றில் அதைப் பொருத்துவது என்று நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் வயது, பாலினம், படிப்பு, மொழி, பழக்கம் எல்லாம் புகுந்து விளையாட இடம் இருக்கிறது. ஒரு தனி நபரிடம் இது நடந்தால் அது தற்செயல் ஆட்டம். பராமரிப்பாளர்கள் எல்லோருமே அப்படித்தான் எண்ணுவார்கள் என்றால், அது நாம் பார்த்த 'இரண்டு கிலோ'.

## செல்சியஸ், ஃபாரன்ஹீட்

இப்போது மையமான கருத்துக்கு வருவோம். ஒரு வெப்பமானி 20 காட்டுகிறது, இன்னொன்று 68 காட்டுகிறது. இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. முதலாவது செல்சியஸ், அடுத்தது ஃபாரன்ஹீட். இரண்டும் நம்பகமானவை, இரண்டும் வெப்பத்தைத்தான் அளக்கின்றன. ஆனால் எண்களை நேராகப் பக்கத்தில் வைத்து "அது மூன்று மடங்குக்கு மேல் சூடு" என்றால் சிரிப்பார்கள்.

வெப்பமானியில் 'செ', 'ஃபா' என்று எழுதியிருக்கும். மனிதர்கள் மேல் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை. ஒரு குழு செல்சியஸிலும் இன்னொரு குழு ஃபாரன்ஹீட்டிலும் விடை சொல்கிறதா என்று தரவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் குழுவும் ஒரே அளவையில்தான் பேசுகிறது என்ற நிலைக்கு அளவீட்டு மாறாத்தன்மை என்று பெயர். நான் முன்பு சொன்ன, செய்திகளில் யாரும் பேசாத நிபந்தனை இதுதான்.

ஆய்வாளர்கள் இதை மூன்று கட்டமாகச் சோதிப்பார்கள். முதல் கட்டம், வடிவம் ஒன்றா? அதாவது, எந்தக் கேள்விகள் எவற்றோடு கொத்தாகச் சேர்கின்றன என்பது இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? இரண்டு கருவியும் வெப்பமானிதானா, ஒன்று மழைமானியா என்று பார்ப்பது போல.

அடுத்தது, படி ஒன்றா? நிஜ அழுத்தம் ஒரு படி ஏறினால், இரண்டு குழுவிலும் விடை அதே அளவு ஏறுகிறதா? செல்சியஸில் 1 டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 1.8 ஏறுகிறது, அங்கே படி வேறு. படி ஒன்றாக இருந்தால், "தூக்கம் குறைந்தால் அழுத்தம் எவ்வளவு கூடுகிறது" போன்ற உறவுகளை இரு குழுவிலும் ஒப்பிடலாம். சராசரியை ஒப்பிட இன்னும் அனுமதி இல்லை.

கடைசிக் கட்டம், தொடக்கப் புள்ளி ஒன்றா? நீர் உறையும் இடத்தில் ஒன்று 0 காட்டுகிறது, மற்றது 32. நிஜ அழுத்தம் சமமாக உள்ள இரண்டு பேர், வெவ்வேறு குழுவில் இருந்தாலும், ஒரே விடையை வட்டமிட வேண்டும். இந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் "இந்தக் குழுவின் சராசரி அதைவிட அதிகம்" என்று சொல்லும் உரிமை வருகிறது. பெரும்பாலான தடுக்கல்கள் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். சுவாரசியம் என்னவென்றால், செய்தித் தலைப்புகளுக்குத் தேவைப்படுவதும் இந்தக் கட்டம்தான்.

## கேள்விச் சாய்வு

ஒரு கணக்குத் தேர்வில் இப்படி ஒரு வினா: "கடைசி மூன்று ஓவரில் ஓர் அணிக்கு 27 ரன் தேவை. ஒரு பந்துக்குச் சராசரியாக எத்தனை ரன் வேண்டும்?" ஓவருக்கு ஆறு பந்து என்று தெரிந்தவருக்கு 18-ஆல் வகுக்கும் வேலை மட்டும்தான். கிரிக்கெட்டே பார்க்காத மாணவி முழிப்பார். கணக்கில் இருவரும் சம திறமைசாலிகள்தான். அந்தக் கேள்வி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதற்குத் தமிழில் நிலைத்த சொல் கிடையாது. கேள்விச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம்.

மனச்சோர்வை அளக்க 1977-ல் வந்த 'செஸ்-டி' என்ற 20 கேள்வித் தாளில், அழுகை வந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. மனச்சோர்வு ஒரே அளவில் உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால், அந்தக் கேள்விக்கு 'ஆம்' பக்கம் போவது அதிகமும் பெண்தான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டன. அழக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆணின் சோர்வை அந்தக் கேள்வி எட்டிப் பிடிப்பதில்லை. தூக்கம் பற்றிய கேள்விகளிலும் இதே கதை. கைக்குழந்தை வைத்திருப்பவர், இரவுப் பணி பார்ப்பவர், எழுபது தாண்டியவர் எல்லோருக்கும் தூக்கம் கெடும், காரணம் மன அழுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

ஹோம்ஸ், ரேஹே பட்டியலை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். அதில் கிறிஸ்துமஸுக்கு 12 மதிப்பெண்! பத்தாயிரம் டாலருக்கு மேல் வீட்டுக்கடன் இருந்தால் 31. அந்த எடைகளைப் போட்டுத் தந்தவர்கள் சுமார் 394 பேர். திருமணத்துக்கு 500 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு எண் தரச் சொன்னார்கள், பிறகு பத்தால் வகுத்தார்கள். அன்றைய அமெரிக்க வாழ்க்கைக்கு அது பொருந்தியிருக்கலாம். கிறிஸ்துமஸ் கொண்டாடாதவரை, கடனே வாங்க முடியாத ஏழையை, அறுபது வருடம் கழித்துப் பிறந்தவரை அது எப்படி அளக்கும்?

ஒன்றிரண்டு கேள்விகள் மட்டும் சாய்ந்திருந்தால் வழி இருக்கிறது. அவற்றைத் தனியே பிரித்து, சாயாத கேள்விகளை நங்கூரமாக வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். பாதித் தாள் சாய்ந்திருந்தால் ஒப்பீட்டையே கைவிடுவதுதான் நேர்மை.

## மொழி மாறும்போது

கோஹன் குழுவின் ஆங்கிலக் கேள்வி ஒன்று, எல்லாம் நமக்குச் சாதகமாகப் போவதாக உணர்ந்தீர்களா என்று கேட்கிறது. அதை அங்குள்ள மரபுத்தொடரை அப்படியே பிடித்துக்கொண்டு "விஷயங்கள் உங்கள் வழியில் சென்றன என்று உணர்ந்தீர்களா?" என்று மாற்றினால், படிப்பவர் "என் வழியிலா, எங்கே?" என்று விழிப்பார். "நினைத்தபடி நடந்ததா?" என்று கேட்டால் புரியும், ஆனால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

விடைக் கட்டங்கள் இன்னும் மோசம். 'ஓரளவு அடிக்கடி' என்று மேலே எழுதியபோது எனக்கே நெருடியது. யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'சில சமயம்', 'அப்பப்போ', 'அடிக்கடி' ஆகியவற்றுக்கு இடையிலுள்ள தூரமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆங்கிலத்தில் மூன்றாவது கட்டத்துக்கும் நாலாவது கட்டத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி தமிழிலும் அதே அளவுதானா? யாராவது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தலைச்சொல்லே சிக்கல். 'மன அழுத்தம்' என்று நாம் எழுதும் சொல், நெருக்கடியையும் குறிக்கிறது, மனச்சோர்வு என்ற நோயையும் குறிக்கிறது. பத்திரிகைகளில் இரண்டுக்கும் இதே சொல்தான். பேச்சில் 'டென்ஷன்' என்கிறோம், அதில் கோபமும் கலந்திருக்கிறது. "டென்ஷன் ஆகாதே" என்றால் பாதி நேரம் "கோபப்படாதே" என்றுதான் பொருள். ஆக, "உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா?" என்ற கேள்விக்கு ஒருவர் வேலைப்பளுவை நினைத்துப் பதில் சொல்வார், இன்னொருவர் "எனக்கு என்ன, நோயா?" என்று நினைத்து இல்லை என்பார்.

இதற்கு வழக்கமான மருந்து, திருப்பி மொழிபெயர்ப்பது. ஒருவர் தமிழுக்குக் கொண்டுவருவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், இரண்டு ஆங்கிலமும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் எழுதியதிலிருந்து இது பரவலானது. நல்ல முறைதான், ஆனால் ஓர் ஓட்டை உண்டு. சொல்லுக்குச் சொல் போட்ட அசட்டு மொழிபெயர்ப்புதான் திரும்பப் போகும்போது மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும். "விஷயங்கள் உங்கள் வழியில் சென்றன" இந்தத் தேர்வில் முதல் மாணவனாகத் தேறும். அதனால் நாலு பேரை உட்கார வைத்து, "இந்தக் கேள்வியைப் படித்ததும் என்ன தோன்றியது, சொல்லுங்கள்" என்று கேட்பதைத் தவிர்க்கவே முடியாது.

10 கேள்வித் தாளில் நாலு கேள்விகள் நல்ல பக்கத்திலிருந்து கேட்கப்படும்: நம்பிக்கையாக இருந்ததா, கட்டுக்குள் வைத்திருந்தீர்களா என்பது போல. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். பல மொழிகளில் இந்த நாலும் ஒரு கொத்தாகவும், மற்ற ஆறும் வேறு கொத்தாகவும் பிரிந்து நிற்கின்றன. கேள்வியின் திசை மாறியதைக் கவனிக்காமல் ஒரே பக்கமாக வட்டமிட்டுக்கொண்டே போகிறவர்களும் இதற்கு ஒரு காரணம்.

## பதில் சொல்லும் பழக்கம்

கேள்வி நன்றாக இருந்தாலும், விடையளிப்பதில் ஆளுக்கொரு கை. சிலர் ஓரங்களில் மட்டும் வட்டமிடுவார்கள். சிலருக்கு நடுக்கட்டத்தைத் தாண்ட மனம் வராது. எதைக் கேட்டாலும் 'ஆம்' சொல்பவர்களும் உண்டு. இந்தப் பழக்கங்கள் குழுவுக்குக் குழு வேறுபடும். நடுவில் வட்டமிடும் குழுவின் சராசரி, அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடுவில்தான் நிற்கும்.

இன்னொரு வம்பு, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. ஸ்டீவன் ஹைனும் சக ஆய்வாளர்களும் 2002-ல் இதை விரிவாக எழுதினார்கள். மனிதர்கள் தங்களைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் தங்களை மதிப்பிடுகிறார்கள். கூடைப்பந்து வீரர்கள் நடுவில் இருப்பவரிடம் "நீங்கள் உயரமா?" என்று கேளுங்கள், "சுமார்தான்" என்பார். எல்லோரும் தவிக்கும் இடத்தில் தவிப்பவருக்குத் தன் தவிப்பு கண்ணில் படாது.

இதைத் திருத்த ஓர் அழகான உத்தி இருக்கிறது. கற்பனை மனிதர்கள் சிலரின் நிலைமையைச் சின்னக் கதையாகச் சொல்லி, அவர்களுக்கும் அதே அளவுகோலில் மதிப்பெண் போடச் சொல்வது. கதை எல்லோருக்கும் ஒன்று. ஒரு குழு அந்தக் கதாபாத்திரத்துக்கு 2 போட்டு, இன்னொரு குழு 4 போட்டால், கோல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கேரி கிங் குழுவினர் 2004-ல் இதைச் சீனாவிலும் மெக்சிகோவிலும் அரசியல் பற்றிய ஒரு கேள்வியில் செய்து காட்டினார்கள். அரசின் முடிவுகளில் தங்கள் பேச்சு எடுபடுகிறது என்று சீனர்களே அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். கதைகளை வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது.

சுருக்கமாக: கேள்வி சாயலாம், மொழிபெயர்ப்பு நழுவலாம், விடையளிக்கும் பழக்கம் வேறுபடலாம். மூன்றும் தற்செயல் ஆட்டம் இல்லை. குழு முழுவதையும் ஒரே பக்கம் தள்ளக்கூடியவை.

## அப்படியானால் எவ்வளவு நம்பலாம்?

வேலைக்கு ஏற்ப மாறும். ஒரே குழுவில், ஒரே மொழியில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் சராசரி எப்படி மாறியது என்று பார்க்க இந்தத் தாள்கள் நன்றாகவே உதவும். கோல் கோணலாக இருந்தாலும் இரண்டு முறையும் அதே கோணல்தான். ஒரு மொழிக்குள் ஆண், பெண் ஒப்பீட்டையும், கோஹன் தாள் போன்ற நன்கு அலசப்பட்டவை பெருமளவு தாங்குகின்றன. ஆனால் வேறுபாட்டின் அளவையும் பார்க்க வேண்டும். 1983 கணக்கெடுப்பில் ஆண்களின் சராசரி 12.1, பெண்களுடையது 13.7. வித்தியாசம் 1.6. அந்தந்தக் குழுவுக்குள்ளேயே ஆட்கள் ஆறு மதிப்பெண் அளவுக்குப் பரவியிருந்தார்கள். ஏராளமான ஆண்கள் ஏராளமான பெண்களைவிட அதிக அழுத்தத்தில் இருந்தார்கள் என்பதும் இதே எண்களுக்குள் இருக்கும் உண்மை.

மொழி கடந்து, நாடு கடந்து சராசரிகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளைப் பார்க்கும்போதுதான் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மாறாத்தன்மை சோதிக்கப்பட்டதா, தொடக்கப் புள்ளிக் கட்டம் வரை தாண்டியதா என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால், முதலிடம் பிடித்த நாடு நிஜமாகவே அதிகம் தவிக்கிறதா, அல்லது தவிப்பைத் தயங்காமல் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியே இல்லை.

இனி, தொடக்கத்தில் பார்த்த அந்தத் திரைக்கு வருவோம். 0 முதல் 13 வரை குறைவு, 14 முதல் 26 வரை மிதம், 27 முதல் 40 வரை அதிகம் என்று இணையம் முழுக்க ஒரு பிரிவு சுற்றுகிறது. 18-க்கு "மிதமான மன அழுத்தம்" என்ற பட்டம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் தாளை உருவாக்கிய கோஹன் தரப்பு, இது நோயைக் கண்டறியும் கருவி அல்ல, இதற்கு எல்லைக்கோடுகளே கிடையாது, ஒரு மாதிரிக்குள் ஆட்களை ஒப்பிடுவதற்கு மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 13 எடுத்தவர் 'குறைவு' கட்டத்திலும் 14 எடுத்தவர் 'மிதம்' கட்டத்திலும் விழுகிறார்கள். மூன்று மதிப்பெண் ஆடும் கோலில் ஒரு மதிப்பெண்ணுக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.